எது ஆறு, எது ஓடை

சங்கிலியின் ஒரு முனை என் கையில்.
மறுமுனை ஓவர்சியர் ஞானசிகாமணியிடம் இருக்கவேண்டும்,
அவர் குடைக்கடியில் நிற்கிறார்.
மறுமுனை ஓர் உடைமரத்தின் முள்ளில் தொங்குகிறது.

படிவத்தில் முதல் கட்டம்: ஆறு பிறக்கும் இடம்.
பொத்தைக்குப் பின்னால் ஏறிப் பார்த்தோம்.
ஒரு பாறைக்கு வியர்த்திருந்தது.
அதன் கீழே ஆட்டுப்புழுக்கை,
இன்னும் கீழே பன்றி புரண்ட சேறு,
சேற்றைவிட்டு என் சுண்டுவிரல் கனத்தில்
ஏதோ நகர்ந்தது.
"இதுவா?" என்றார்.
"இதுவும்" என்றேன்.
கட்டத்துக்குள் 'இதுவும்' கொள்ளாது.

முதல் இரண்டு மைலுக்கு அதற்குப் பெயரே இல்லை.
நொச்சிவிளையில் ஓடை.
அங்கேயே எருமை முங்குகிற ஓர் இடம் மட்டும் கசம்.
தார்ரோடு குறுக்கே விழுந்தால் தாம்போதி;
மினிபஸ்காரனுக்கு அது
மழைநாளில் மட்டும் நிற்கிற ஒரு ஸ்டாப்.
இடையநேரிக் குளத்துக்குள் புகுந்தால் குளம்,
மடை வழி இறங்கினால் கால்,
கலுங்கு தாண்டினால் மறுகால்.
கடன்காரனைப் போல
ஊருக்கொரு பெயர் சொல்லித் தப்பித்துப் போகிறது
ஒரே தண்ணீர்.

தெற்கிலிருந்து ஒன்று வந்து சேர்கிறது.
தேரிமண் கரைத்த சிவப்பு.
ஐப்பசி கார்த்திகையில்தான் அதற்கு உயிர்,
மற்ற மாதமெல்லாம் டிராக்டர் தடம்.
மேற்கிலிருந்து வருவது சாரலை நம்பியது.
ஆனியில் வரும், ஆவணி முடியுமுன் போய்விடும்.
இரண்டும் கூடுகிற முக்கில்
இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.
ஞானசிகாமணியின் தாளில் மட்டும்
கைகோத்துக்கொண்டு கிழக்கே போகின்றன.

அந்த முக்கில்தான் சண்டை.
ஆறு என்று எழுதினால் தூர்வாரப் பணம் வரும்,
ஓடைக்கு ஒன்றும் கிடையாது.
பலவேசம் சாரல் கரைக்காரர்:
"நல்ல வெயில்லயும் எங்க பக்கம் ஊத்து இருக்கு வேய்,
தோண்டிப் பாரும். அதான் ஆறு.
அவுக பக்கம் கெடக்கது வண்டிப்பாதை."
வெயிலுகந்தாள் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.
பிறகு ஓவர்சியரைப் பார்த்துச் சொன்னாள்:
"எந் தம்பியக் கொண்டுபோனது
வெறும் ஓடைன்னா எழுதப் போறீரு?"

சங்கிலியை இழுத்துப் பிடித்தேன்,
வேறு வேலை தெரியாததால்.
நூறு கண்ணி. மறுபடியும் நூறு கண்ணி.
பலவேசம் தலைத்துண்டை அவிழ்த்து
உதறி
மறுபடி கட்டிக்கொண்டார்.
ஓவர்சியர் பென்சிலால் இரண்டு கோட்டையும்
ஒரே தடிமனில் போட்டார்.
மை போடுகிறவர் பாளையங்கோட்டையில் இருக்கிறார்.
அவருக்கு இந்த மதியம் தெரியாது.

கடைசிக் கட்டம்: கடலில் கலக்கும் இடம்.
கலப்பதில்லை.
கடைசிக் குளம் பெருகி மறுகால் போனது
என் கல்யாணத்துக்கு முந்தின வருஷம்.
அதற்கப்புறம் மணல், உடைங்காடு,
வாயில் வைத்தால் லேசாகக் கரிக்கிற ஒரு பள்ளம்.
"கடல்னு போட்ருவோம்" என்றார்,
"எல்லா ஆறும் அங்கதான போவுது."

திரும்பும்போது சங்கிலியில் மூன்று நிறச் சேறு.
மைதீன் பிச்சை கடைப் பைப்பில் கழுவினேன்.
நல்ல தண்ணீர். குளிர்ச்சி.
"இது எங்க தண்ணி பாய்?"
"தாமிரவருணி. லைன் போட்ருக்கான்லா."
நாள் பூராவும் அளந்த ஆற்றில் ஒரு சொட்டுகூட
அந்தப் பைப்பில் இல்லை.

கழுவின தண்ணீர் டீக்கடைச் சாய்வில் இறங்கி
ஒரு சிகரெட் அட்டையைச் சுற்றிப்போய்
கிழக்கே திரும்பியது.
சும்மா காலடி வைத்து அளந்தேன்.
எட்டடி.
அப்புறம் மண் குடித்துவிட்டது.